வண்டி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

அடி அண்ணாமலைப் பகுதியிலுள்ள ஒரு சங்கத்திற்குத் தணிக்கையின் பொருட்டு நாம் சென்றிருந்த அன்று, அங்கத்தினர் ஒருவர் தம் மனைவியுடனும் மகனுடனும் வந்து திண்ணையில் காத்திருந்தார். ஒரு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் மல்லிகையும் வேர்க்கடலையும் பயிரிடுபவர். அவருடைய தம்பி தறிக்காரர். ஆரணிச் சேலை நெய்பவர். வந்த காரியம் நகைக்கடன். அம்மையாரின் சங்கிலி ஒரு துணியில் முடிச்சாகக் கையில் இருந்தது. மனுவில் கண்ட தொகை 60,000 ரூபாய். காரணம், "மோட்டார் சைக்கிள் வாங்க".

"எந்த வண்டி?" என்று கேட்டோம். "ஸ்ப்ளெண்டர் பிளஸ்" என்றான் பையன். "டி.வி.எஸ். பிப்டி போதும்" என்றார் தகப்பனார். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. கடலை விற்ற பணம் 30,000 ரூபாய் அவர்களிடம் ரொக்கமாக இருந்தது. பையனோ ஒரு விற்பனை நிலையத்திலிருந்து சீட்டு ஒன்று எழுதி வாங்கி வந்திருந்தான்: ரொக்கம் 30,000; பின்பு மாதம் 2,267 வீதம் 36 மாதம். இந்தத் தவணை நல்லதா, சங்கிலியை வைப்பது நல்லதா, எந்த வண்டி நல்லது என்று மூன்று கேள்விகளும் ஒன்றாக நம் முன் வைக்கப்பட்டன. இதே கேள்விகளோடு அங்கத்தினர் பலர் இருப்பதை நாம் அறிவோமாதலால், அன்று திண்ணையில் பேசியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் வண்டிகளின் வரலாறு. தகப்பனார் "டி.வி.எஸ். பிப்டி" என்று சொன்னது உண்மையில் எக்ஸ்.எல். 100 என்னும் வண்டி. 1980ஆம் ஆண்டு நமது ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் ஏறிச் செல்லத்தக்க மொபெட் என்ற வகையில் நாட்டிலேயே முதலாவது. அந்தப் பெயர் கிராமங்களில் ஊன்றிவிட்டபடியால், பின்னால் வந்த வண்டிகள் எத்தனை மாறினாலும் மக்கள் வாயில் அது பிப்டிதான். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100, பழைய இரு வீச்சு எஞ்சினை விட்டு நான்கு வீச்சு எஞ்சினுக்கு மாறியது. ஸ்ப்ளெண்டரின் வழி வேறு. ஹீரோ, ஹோண்டா என்னும் இரு நிறுவனங்களும் சேர்ந்து 1985இல் சி.டி. 100 என்ற வண்டியைக் கொண்டுவந்தன. அதன் வாரிசாக 1994இல் வந்தது ஸ்ப்ளெண்டர். பின்னர் அவ்விரு நிறுவனங்களும் பிரிந்தன. வண்டி இன்று ஹீரோவின் பெயரில் வருகிறது.

இனி எஞ்சின். எக்ஸ்.எல்.லின் கொள்ளளவு 99.7 சி.சி.; ஸ்ப்ளெண்டருடையது 97.2 சி.சி. இதைக் கேட்டவுடன் தகப்பனாரின் முகம் மலர்ந்தது. "பார்த்தாயா, நம்முடையதுதான் பெரியது!" என்றார் மகனிடம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சி.சி. என்பது எஞ்சினின் வயிற்றளவு, வேலைத்திறன் அல்ல. எக்ஸ்.எல். தரும் சக்தி ஏறக்குறைய 4.3 குதிரைத்திறன், ஸ்ப்ளெண்டர் தருவது ஏறக்குறைய 8. முன்னது நிமிஷத்திற்கு 6,000 சுற்றில் தன் முழுச் சக்தியையும் கொடுத்துவிடும். பின்னது 8,000 சுற்று வரை சென்று கொடுக்கும். ஆனால் இழுவிசை என்ற மற்றொன்று உண்டு. எக்ஸ்.எல்.லின் உச்ச இழுவிசை 6.5 நியூட்டன் மீட்டர்தான் என்றாலும் அது 3,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டரின் 8.05, ஏறக்குறைய 6,000 சுற்றில் கிடைக்கிறது. அதாவது எக்ஸ்.எல். மெதுவாக நடக்கும்போதே தோள் கொடுக்கும் மாடு. ஸ்ப்ளெண்டர் ஓட்டம் பிடித்த பிறகு இழுக்கும் மாடு.

அப்படியானால் ஸ்ப்ளெண்டர் மேட்டில் திணறுமோ என்றால் திணறாது. அதற்குத்தான் நான்கு கியர்கள் வைத்திருக்கிறார்கள். நெசவாளருக்கு இதைச் சொல்வது எளிது. தார் சுற்றும் ராட்டையில் பெரிய சக்கரத்தை ஒருமுறை சுற்றினால் கதிர் பலமுறை சுற்றுகிறது. வேகம் கூடுகிறது, பலம் குறைகிறது. அதையே தலைகீழாக்கி, கதிரைச் சுற்றிச் சக்கரத்தை ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கதிர் பலமுறை சுற்றிச் சக்கரம் ஒருமுறை நகரும். வேகம் இல்லை, ஆனால் பலம் உண்டு. முதல் கியர் என்பது இதுதான். நான்கு கியர் உள்ள வண்டியில் நான்கு ராட்டைகள் இருக்கின்றன. மேட்டுக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று என்று காலால் மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்.எல்.லில் இருப்பது ஒரே ராட்டை. மேடானாலும் பள்ளமானாலும், மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே விகிதந்தான்.

கியர் இல்லாத வண்டியில் கிளட்சும் தானே இயங்குவது. திருவிழா ராட்டினம் வேகமெடுக்கையில் அதிலுள்ள நாற்காலிகள் வெளிப்புறம் விரிவதை நம் ஊர்க் கார்த்திகைத் திருநாளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதேபோல எஞ்சின் வேகம் கூடும்போது உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து வெளிவட்டத்தைப் பற்றிக்கொள்ளும்; வேகம் குறைந்தால் விட்டுவிடும். ஓட்டுபவருக்கு இது பெரிய வசதி. ஆயினும் அளவுக்கு மீறிய சுமையுடன் மேட்டில் ஊர்ந்து செல்லும்போது அந்தக் கட்டைகள் முழுப் பிடிப்புக் கொள்ளாமல் வழுக்கிச் சூடேறித் தேயும். "எக்ஸ்.எல். எவ்வளவு மூட்டையும் தாங்கும்" என்று சொல்கிறவர்கள் இந்தத் தேய்மானத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

சுமை விஷயத்தை இன்னும் சற்றுப் பேச வேண்டும். நம் அங்கத்தினர்களுக்கு வண்டி என்பது பாதி வாகனம், பாதி வண்டிமாடு. எக்ஸ்.எல்.லின் முன்புறம் கால் வைக்கும் இடம் தட்டையாக, திறந்து இருக்கிறது. அங்கே ஒரு மூட்டையை நிறுத்தலாம். பின் இருக்கையைக் கழற்றினால் பூக்கூடையோ பால் கேனோ நூல் சிப்பமோ அமரும். பாரம் தாழ்ந்து, சக்கரங்களுக்கு நடுவே விழுவதால் வண்டி ஆடுவதில்லை. ஸ்ப்ளெண்டரில் பெட்ரோல் தொட்டி நடுவில் உயர்ந்து நிற்கிறது. எந்தச் சுமையும் பின்னால்தான், உயரத்தில்தான். புல்லுக்கட்டை அதில் குறுக்கே கட்டிச் செல்வோரையும் பார்க்கிறோம்; முன்சக்கரம் இலேசாகிக் கைப்பிடி ஆடுவதை அவர்கள் பழகிக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இரு வண்டிகளிலும் கம்பெனிப் புத்தகத்தில் சுமைக்கு ஓர் அளவு சொல்லியிருப்பார்கள். ஓட்டுபவரின் எடையும் அந்த அளவுக்குள் அடங்கியதே என்பதை மறக்கலாகாது. முன்பு 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018இல் 45 கிலோவாயிற்று, டி.ஏ.பி. இன்றும் 50தான். ஓட்டுபவர் 65 கிலோ என்றால் ஒரு யூரியா மூட்டையுடன் 110 கிலோ. இரண்டு மூட்டை என்றால் 155. மூன்றாவதாகப் பையனும் தொற்றிக்கொண்டால் அதை வண்டி என்று சொல்வதற்கில்லை.

பாதையையும் பார்க்க வேண்டும். நம் அங்கத்தினரின் வீடு கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் ஏறக்குறைய பாதி தூரத்தில் இருக்கிறது. அப்பாதையில் எந்நேரமும் நடப்பவர் உண்டு. பௌர்ணமியன்று வண்டி ஓட்டவே இடமிராது. மற்ற நாட்களிலும் 30, 35 வேகத்திற்கு மேல் ஓட்டுவது முறையன்று. நின்று நின்று செல்லும் இந்த ஓட்டத்திற்கு, கிளட்சும் கியரும் இல்லாத வண்டி மிகப் பொருத்தம். ஆனால் அவருடைய தம்பி சேலையுடன் ஆரணிக்குப் போக வேண்டுமானால் போளூர் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். அந்தச் சாலையில் லாரியும் பஸ்ஸும் பின்னால் வந்து முட்டுவதுபோல் நெருங்கும். எக்ஸ்.எல்.லின் இயல்பான நடை 40, 45தான். அதற்கு மேல் முறுக்கினால் இரைச்சல் வருகிறது, நடுக்கம் வருகிறது, வேகம் மட்டும் அவ்வளவாக வருவதில்லை. ஸ்ப்ளெண்டரின் 18 அங்குலச் சக்கரமும் 112 கிலோ எடையும் அத்தகைய சாலையில் நிதானமாக நிற்கும். எக்ஸ்.எல்.லின் சக்கரம் 16 அங்குலம். எடை 90 கிலோவை எட்டாது. அதே இலேசு, வயல் வரப்பில் தள்ளிச் செல்லும்போது வரமாகவும், நெடுஞ்சாலையில் லாரிக்காற்றில் குறையாகவும் ஆகிவிடுகிறது.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: மைலேஜ் எவ்வளவு? விளம்பரத்தில் கண்ட எண்ணை நம்ப வேண்டியதில்லை. தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, 200 கிலோமீட்டர் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் மறுபடியும் விளிம்பு வரை நிரப்பிப் பாருங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் வண்டியின், உங்கள் கையின், உங்கள் சாலையின் மைலேஜ் கிடைத்துவிடும். ஒழுங்காக ஓட்டினால் இரண்டுமே லிட்டருக்கு 55, 60 என்ற அளவில் கொடுக்கத்தக்கவை. சுமை ஏற்றினாலும் வேகமாக ஓட்டினாலும் எக்ஸ்.எல். விரைவில் இறங்கிவிடும்.

சரி, ஒன்று 60, மற்றொன்று 55 என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கிற்கு எளிதாகக் கொள்வோம். 60 கொடுக்கும் வண்டிக்கு மாதம் 833 ரூபாய்; 55 கொடுப்பதற்கு 909 ரூபாய். வித்தியாசம் 76 ரூபாய்; வருஷத்திற்கு 912 ரூபாய். இந்த 912 ரூபாய்க்காகத்தான் டீக்கடையில் மணிக்கணக்காக வாதம் நடக்கிறது! இரு வண்டிகளின் விலை வித்தியாசத்தை 30,000 ரூபாய் என்று கொண்டு, அதைக் கடனாக வாங்கினால், நூற்றுக்கு 12 வீதம் முதல் வருஷ வட்டி மட்டும் 3,600 ரூபாய். மைலேஜில் மிச்சம் பிடிப்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வட்டியில் போகிறது. இதை யாரும் டீக்கடையில் பேசுவதில்லை.

பையன் கொண்டுவந்த சீட்டுக்கு இப்போது வருவோம். பதிவு, இன்ஷூரன்ஸ் உட்பட ஸ்ப்ளெண்டர் கைக்கு வர 90,000 ரூபாய், எக்ஸ்.எல். கைக்கு வர 60,000 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டோம். விலை ஊருக்கு ஊர், மாதிரிக்கு மாதிரி மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால், அதற்கு முந்திய விலையைச் சொல்லும் உறவினர் பேச்சையும் பழைய வண்டிக்குப் பழைய மதிப்புச் சொல்லும் தரகர் பேச்சையும் ஒதுக்கிவிட வேண்டும்.

சீட்டில் "வட்டி 12 சதவீதம் மட்டும்" என்று எழுதியிருந்தது. 60,000க்கு வருஷம் 7,200. மூன்று வருஷத்திற்கு 21,600. அசலுடன் 81,600, அதை 36ஆல் வகுத்தால் 2,267. கணக்கில் தவறில்லை; தவறு வேறிடத்தில் இருக்கிறது. மாதாமாதம் அசலில் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டே வருகிறோம். முப்பதாவது மாதத்தில் நம் கையில் அவர்களுடைய பணம் 60,000 இல்லை. அதில் சொற்பமே இருக்கிறது. ஆயினும் முழு 60,000க்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்கு மட்டுமே 12 சதவீதம் என்றால் தவணை 1,993 ரூபாய்தான். மொத்த வட்டி ஏறக்குறைய 11,750. ஆகவே சீட்டில் கண்ட 12 என்பது, உண்மையில் 21 சதவீதத்தை ஒட்டிய வட்டி. "நிலையான வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா?" என்ற ஒரு கேள்வியைக் கையெழுத்துக்கு முன் கேட்காததனால் நம் அங்கத்தினர்கள் இழக்கும் பணம் கொஞ்சமல்ல. இதை நாம் சொல்லும்போது சிறிது வெட்கத்துடனேயே சொல்கிறோம். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் நாமே இப்படி ஒரு சீட்டில் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள்தாம். பிறர் பேரேட்டைத் தணிக்கை செய்தோமே தவிர நம்முடையதைப் பார்க்கவில்லை.

இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஸ்ப்ளெண்டரை அந்தச் சீட்டின்படி எடுத்தால் மாதம் 2,267. முடிவில் தவணையாகக் கட்டியது 81,600. எக்ஸ்.எல்.லுக்கு ரொக்கம் 30,000 போக, மீதி 30,000ஐக் குறையும் அசலுக்கு 12 சதவீதத்தில் 36 மாதம் கட்டினால் மாதம் 996. மொத்தம் ஏறக்குறைய 35,870. வித்தியாசம் 45,700க்கு மேல். இதில் 30,000 வண்டியின் விலை. மீதி 15,700 சொச்சமும் வட்டி.

இந்த இடத்தில் தகப்பனார் தாழ்ந்த குரலில், "பயிர்க்கடன் வாங்கி இதில் போட்டுவிட்டால் என்ன? அதற்கு வட்டியே இல்லையே" என்றார். கேட்பது நேர்மையான கேள்விதான். ஆனால் உரிய நாளில் திருப்பிக் கட்டுவோருக்குத்தான் அந்தக் கடன் வட்டியில்லாதது. பணம் பயிரில் போனால் அறுவடையில் திரும்பி வரும். வண்டியில் போனால் எந்த அறுவடையில் வரும்? தவணை தவறினால் வட்டிச் சலுகையும் போகும், அடுத்த போகத்திற்குப் புதுக்கடன் கேட்கவும் வாய் இராது. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடும்படி சொன்னோம், மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார்.

சட்ட சம்பந்தமாகச் சில வார்த்தைகள். "பிப்டி தானே" என்று பதினாறு வயதுப் பையன்களிடம் எக்ஸ்.எல்.லைக் கொடுத்துவிடும் வழக்கம் நம் கிராமங்களில் மிகுதி. பதினாறு வயதில் அனுமதி 50 சி.சி.க்கு உட்பட்ட கியரில்லா வண்டிக்கே. எக்ஸ்.எல். 100க்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, வயது வராதவன் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டு ரத்தாகும். கியரில்லா வண்டிக்கு எடுத்த லைசென்சைக் கொண்டு ஸ்ப்ளெண்டரை ஓட்டவும் கூடாது. சிறிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் குறைவு என்று நினைப்பதும் தவறு. மூன்றாம் நபர் காப்பீட்டில் இவ்விரண்டும் 75க்கு மேல் 150 சி.சி. வரையிலான ஒரே வகுப்பு. புது வண்டிக்கு 2018 செப்டம்பர் முதல் அக்காப்பீட்டை ஐந்தாண்டுக்கும் சேர்த்தே கட்ட வேண்டியிருப்பதால், கைக்கு வரும் விலையில் அதுவும் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய எக்ஸ்.எல். வைத்திருந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நமக்குத் தெரிந்த ஒரு முதியவர் புது வண்டி வாங்கிய பிறகும் பல மாதம், பழைய பழக்கத்தில், பெட்ரோலுடன் ஆயில் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தார். புகையும் அடைப்புமாய் வண்டி நின்ற பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. நான்கு வீச்சு எஞ்சினுக்கு ஆயில் தனி, பெட்ரோல் தனி. மேலும், 2020 ஏப்ரலில் வந்த பாரத் நிலை ஆறு விதிக்குப் பின் இரு வண்டிகளிலும் கார்புரேட்டர் கிடையாது. எரிபொருளைப் பீய்ச்சும் மின்னமைப்பு வந்துவிட்டது. பேட்டரி சோர்ந்துபோனால் உதைத்தும் சில சமயம் எஞ்சின் எழாது. மரத்தடி மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் திருகிச் சரி செய்த காலம் போயிற்று. வாங்குமுன், உங்கள் ஊருக்கு அருகில் எந்த வண்டிக்குப் பழுது பார்க்கும் கருவியும் ஆளும் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு கழித்து விற்கும்போது ஸ்ப்ளெண்டர் நல்ல விலை போகும் என்பதும் மெய்யே. அதை மறைக்க நாம் விரும்பவில்லை.

இவ்வளவும் பேசி முடித்தபின், "நீங்கள் என்ன சொல்கிறீர்கள் ஐயா?" என்றான் பையன். "தம்பி, உனக்குச் செய்யாறு சிப்காட்டில் வேலை கிடைத்து, வாராவாரம் ஊருக்கு வந்து போவதாயிருந்தால், கடனைக் குறைத்துக்கொண்டு ஸ்ப்ளெண்டரை எடு என்போம். இப்போது இந்த வண்டியை அதிகம் ஓட்டப்போவது யார்?" என்று கேட்டோம். அவன் நகரத்தில் ஒரு கடையில் வேலை பார்ப்பவன். பஸ்ஸில் போய் வருகிறான். அப்போதுதான் அம்மையார் முதல்முறையாகப் பேசினார். விடியுமுன் பூவைப் பறித்து மார்க்கெட்டில் சேர்ப்பது அவர்தான். ஆட்டோவுக்காகக் காத்திருந்து, நேரம் தப்பி, பூ விலை இறங்கிய பிறகு போய்ச் சேர்வதும் அவர்தான். "இவங்க யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. சேலை கட்டிக்கிட்டு நானே ஓட்டுற வண்டியாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பையனின் முகம் சற்று வாடியது. ஆயினும் காகிதத்தை வாங்கி, மனுவில் 60,000 என்றிருந்ததை அடித்து 30,000 என்று எழுதியவன் அவனே. சங்கிலியை அம்மையார் எழுத்தரிடம் கொடுத்தார். ரசீதை வாங்கி முடிச்சிட்ட பிறகு, லைசென்சுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். முதலில் பழகுநர் உரிமம், அதற்கு முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வு. ஆகையால் வண்டிக்கு முன்பாகவே மனுப் போட்டுவிடுங்கள் என்றோம்.